பாதிப் பச்சை பெலெனாத்தோ

ஆக்லாந்து நகரத்தின் மாங்கெரே பக்கத்தில் எங்கள் சமோவாக்காரர்களிடம் பெலெனாத்தோவைப் பற்றிக் கேட்டால் முதலில் நல்லதைத்தான் சொல்வார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரலுக்கு அவரை விட்டால் ஆளில்லை. குளிர்கிடங்கில் முப்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியும் ஒரு பெட்டியைக் கவிழ்த்ததில்லை. மிச்சத்தைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். எதையும் முடிக்காத மனுஷன். வேலியில் பாதிக்குத்தான் பெயின்ட். கார் கொட்டகைக்கு மூன்று சுவர். சிகரெட்டை மட்டும் கடைசி இழுப்பு வரைக்கும் முடித்துவிடுவார் என்று அவர் மனைவி ரூத்தாவே சொல்வாள்.

ரூத்தா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதிக்கு மேற்பார்வைக்காரி. ஆயிரம் படுக்கை விரிப்பில் ஒரு கறையைக் கண்டுபிடிக்கிற கண். நாக்கும் அதற்குச் சளைத்ததில்லை. வீட்டில் எதைச் சொல்லிக் காட்டினாலும் ஒன்றை மட்டும் அவள் சொல்லிக் காட்டுவதில்லை. அதுதான் பெலெனாத்தோவின் பச்சை.

ஆண்பிள்ளை இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் பச்சை குத்திக்கொள்வது எங்கள் வழக்கம். பத்துப் பதினைந்து நாள் வேலை, உயிர் போகிற வலி. அதனால் ஒருத்தனைத் தனியாகப் படுக்க விடமாட்டோம். இரண்டு பேராகத்தான் உட்காருவார்கள். கூட உட்காருகிறவனுக்குச் சோவா என்று பெயர். ஒருத்தன் பாயில் படுத்திருக்கும்போது சோவா பக்கத்தில் இருப்பான், குடும்பம் சுற்றி உட்கார்ந்து விசிறிக்கொண்டு பாடும். இருபது வயதில், சமோவாவின் சவாயி தீவில், பெலெனாத்தோ தன் மாமா மகன் விலியாமுவோடு உட்கார்ந்தார். நான்காம் நாள் காலையில் பார்த்தால் பாய் காலி. மனுஷன் இருட்டோடு படகேறி, அங்கிருந்து விமானமேறி, ஆக்லாந்துக்கே வந்துவிட்டார். விலியாமு தனியாகப் படுத்து முடித்தார்.

பாதியில் விட்ட பச்சை சாகும்வரை கூடவே வரும் மானக்கேடு. அவருக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே. நாற்பத்தோரு வருஷமாக பெலெனாத்தோ கடற்கரையில் சட்டையைக் கழற்றினதில்லை, இடுப்பில் அந்த அரைகுறைக் கோடு தெரிந்துவிடும். விலியாமுவும் பிற்பாடு ஆக்லாந்துக்கே வந்து, நகரத்தின் மேற்குக் கோடியில் குடியேறி, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றார். இரண்டு பேரும் கல்யாணத்திலும் சாவிலும் எதிர்ப்பட்டால் புருவத்தைத் தூக்கிக்கொள்வதோடு சரி.

இந்த மனுஷனுக்குத்தான் போன வருஷம் மூன்று மாதமாக இருமல் நிற்கவில்லை. படம் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். நுரையீரலில் புற்று. வெட்டி எடுக்க முடியாத இடம், ஆனால் உடம்பு முழுக்கப் பரவவில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள்: வாரம் ஒரு கீமோ. அதோடு ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது தடவை கதிர் சிகிச்சை. நோயைத் தீர்த்துக்கட்டத்தான் பார்க்கிறோம். ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது.

“முப்பதா? இவரா?” என்று ரூத்தா வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். மகள் லோசா அவள் தொடையில் கிள்ளினாள்.

அன்றிலிருந்து ரூத்தாவுக்கு நோயைவிட அந்த முப்பதுதான் பயமாக இருந்தது. புற்று டாக்டரம்மா கையில் இருந்தது. முப்பது பெலெனாத்தோ கையில் அல்லவா இருந்தது!

முதல் வாரம் தேர்த்திருவிழா மாதிரி கழிந்தது. காத்திருக்கும் கூடத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நாங்கள் பதினோரு பேர் போனோம். போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகிற ஜாதியா நாங்கள்? சேம்பிலைக்குள் தேங்காய்ப்பால் ஊற்றி வேகவைத்த பொட்டலங்கள் தட்டுத் தட்டாக வந்தன. மெஷினை இயக்குகிற பிரிட்ஜெட் என்ற பெண் முதல் நாள் வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

இரண்டாம் வாரம் ரூத்தாவே காரியத்தைக் கெடுத்தாள். கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்ட பெலெனாத்தோவின் நெஞ்சில் பேனாவால் கோடு போட்டு, மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். தேய்க்காதே, எதுவும் பூசாதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் நோயாளி வீட்டில் இருக்க, தேங்காயெண்ணெய் போட்டு உருவிவிடாமல் இருக்க எங்கள் பெண்பிள்ளைகளின் கைக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ரூத்தா மஞ்சளும் எண்ணெயுமாகக் கழுத்திலிருந்து தொப்புள்வரை அழுத்தித் தேய்த்துவிட்டாள். திங்கட்கிழமை பிரிட்ஜெட் சட்டையை விலக்கிப் பார்த்தால் நெஞ்சு பளபளக்கிறது, கோட்டைக் காணோம்.

மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு, மறுபடி அளவு. ஒரு நாள் போய்விட்டது. ரூத்தா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் பெலெனாத்தோ அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த ஒரு தடவை நிறுத்தினது நான் இல்ல” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

சிரிப்பெல்லாம் நான்காம் வாரத்தோடு ஓய்ந்தது. தொண்டைக்குள் நெருப்பு. கொக்கோ போட்ட அரிசிக்கஞ்சியைக்கூட அரை மணி நேரம் விழுங்கினார். பதினெட்டாம் நாள் காலை, கிளம்புகிற நேரத்தில், கைலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு வரல.”

“வரலன்னா என்ன அர்த்தம்?”

“பதினேழு போதும்னு அர்த்தம்.”

“ஏன்யா, இதென்ன வேலிக்கு பெயின்ட் அடிக்கிற சோலியா, பாதில தூக்கிப் போட? எந்திரிய்யா!”

அவர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“உள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாது. மேசைல படுக்க வச்சு, கையைத் தலைக்கு மேல தூக்கச் சொல்லி, ‘அசையாதீங்க’ம்பாங்க. அப்புறம் அத்தனை பேரும் வெளிய ஓடிப்போயிருவாங்க. பெரிய கதவு மூடிக்கும். கரண்டு வைக்கறது வலிக்கக்கூட இல்ல ரூத்தா. ஆனா அங்க படுத்தாலே விலியாமு ஞாபகம். அவனும் இப்பிடித்தான படுத்துக் கெடந்திருப்பான், பக்கத்துப் பாயி காலியா? தெனமும் அதையே நெனச்சுக்கிட்டுப் படுக்க என்னால ஆகாது.”

இந்த மனுஷனை இழக்க ரூத்தாவுக்கு மனசில்லை. அரை வேலி, முக்கால் கொட்டகை, எல்லாவற்றோடும் அவர் வேண்டும். அறையை விட்டு வெளியே வந்து, கல்யாணமானதிலிருந்து ஒருதடவையும் கூப்பிடாத நம்பரை லோசாவிடம் தேடித் தரச் சொன்னாள்.

“அண்ணே, நான் ரூத்தா பேசறேன்.”

“யாரு செத்தது?” என்றார் விலியாமு. எங்கள் சொந்தத்தில் காலையில் போன் வந்தால் அப்படித்தான் கேட்பார்கள்.

“இன்னும் யாரும் சாகல. சாகக் கூடாதுன்னுதான் கூப்பிடறேன்.” ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். “அவரு உங்களுக்குச் செஞ்சது பெரிய துரோகம்தான் அண்ணே. நான் இல்லேங்கல. ஆனா அங்க அவருக்குப் பக்கத்துல ஆளில்ல.”

“எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார் விலியாமு.

பத்தரைக்கு வந்துவிட்டார். கதவளவு அகலமான மனுஷன். கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார்.

“எந்திரி மச்சான். சட்டையப் போடு.”

பெலெனாத்தோ கைலியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். “நீ எதுக்கு வந்த?”

“நீ ஓடறதப் பாக்கத்தான். போன தடவ சொல்லாம ஓடிட்ட. இந்தத் தடவ என் கண்ணு முன்னாடி ஓடு, பாக்கறேன்.”

பெலெனாத்தோ சிரித்துவிட்டார். தொண்டை எரிய எரியச் சிரித்தார். பிறகு சட்டைக்குக் கையை நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் விலியாமு, தானும் உள்ளே பக்கத்தில் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். கதிர் உங்கள் மேலும் படும், கூடவே கூடாது என்றாள் பிரிட்ஜெட். ஆளைத்தானே விடமாட்டாய், குரலை விடுவாயா என்று கேட்டார். வெளியே, அறைக்குள் நடப்பதைக் காட்டுகிற டிவி திரைக்கு முன்னால் ஒரு மைக் இருக்கிறது. அதில் பேசினால் உள்ளே கேட்கும். அவள் கொஞ்சம் யோசித்து, சிரிக்க மட்டும் வைக்காதீர்கள், நெஞ்சு அசையும் என்று சொல்லி இடம் விட்டாள். சேம்பிலைப் பொட்டலம் அன்று கை கொடுத்தது.

விலியாமு பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைப் பாடினார். சுருதி என்ற சாமான் அந்த மனுஷனிடம் பிறவியிலேயே இல்லை.

வெளியே வந்த பெலெனாத்தோ சொன்ன முதல் வார்த்தை: “கரண்டைக்கூடத் தாங்கிக்கலாம். உன் பாட்டத் தாங்க முடியலடா மாப்ள.”

“அப்ப நாளைக்கும் பாடறேன்” என்றார் விலியாமு.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று தினமும் விலியாமுவின் வேன் வந்து நின்றது. பெலெனாத்தோவுக்குக் கஞ்சி இறங்காத நாளில் விலியாமுவும் சாப்பிடாமல் இருந்தார். சோவா அப்படித்தான் இருக்கவேண்டும் என்றார். அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். வேனில் பொட்டலம் இருந்ததை ரூத்தா பார்த்திருக்கிறாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. இன்றைக்கு பெலெனாத்தோ மாதம் ஒருமுறை போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார், பாடகர் குழுவில் தன் இடத்தில் நிற்கிறார், படியேறினால் மூச்சு வாங்குகிறது. நல்ல சேதிதான். ஆனால் ரூத்தாவிடம் கேட்டால் அவள் சொல்வது முப்பதாம் நாளைத்தான்.

அன்று நல்ல மழை. பெலெனாத்தோ உள்ளே போய்ப் படுத்தார். கதவு மூடியது. ரூத்தாவும் விலியாமுவும் திரைக்கு முன்னால் நின்றார்கள். பாட்டு வரும் என்று பிரிட்ஜெட் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். விலியாமு பாடவில்லை. மைக்கை இழுத்து எங்கள் பாஷையில் பேசினார்.

“மச்சான், அசையாத. அசைஞ்சா இந்தப் பொண்ணு என்னைத் தொரத்திடும். ஒண்ணு சொல்லணும், படுத்தபடியே கேளு. அன்னிக்கு நானும் ஓடறதாத்தான் இருந்தேன். மூணாம் நாள் சாயங்காலமே துணிய மூட்டை கட்டி, படகுக்காரன்கிட்ட சொல்லி வச்சிட்டேன். விடிஞ்சு பாத்தா நீ முந்திக்கிட்ட. ரெண்டு பேரும் ஓடிட்டா எங்கப்பன் ஊர்ல தலை காட்ட முடியுமா? அதான் படுத்தேன். தைரியமாவது மண்ணாவது. அழுதுக்கிட்டே படுத்தேன். நாப்பத்தோரு வருசமா உம்மேல கோவம்னு ஊரு நெனச்சிச்சே, அது கோவம் இல்லடா. நீ முந்திக்கிட்டியேன்னு வயித்தெரிச்சல்.”

திரையில் பெலெனாத்தோ கைகளைத் தலைக்குமேல் தூக்கியபடி கிடந்தார். கண்ணிலிருந்து ஒரு கோடு காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கிற்று.

“ரொம்ப நல்லாப் படுத்திருக்காரே! இவர் என்ன சொன்னார்?” என்று பிரிட்ஜெட் கேட்டாள்.

“வேதம் படிக்கிறார்” என்றாள் ரூத்தா.

மெஷின் நின்றது. கதவு திறந்தது. பிரிட்ஜெட்டுக்கு முன்னால் விலியாமு உள்ளே போய்விட்டார். பெலெனாத்தோ இன்னும் அசையாமல் படுத்திருந்தார்.

“முப்பது ஆச்சா?”

“ஆச்சு.”

“ஒண்ணும் பாக்கி இல்லையே?”

“இல்லடா. முடிச்சிட்ட.”

பெலெனாத்தோ மெல்லக் கைகளை இறக்கினார். “அப்ப இனிமே ஓடலாமா மாப்ள?”

விலியாமு கையை நீட்டினார். “வா. இந்தத் தடவ ரெண்டு பேருமா ஓடுவோம்.”