குத்தகைக்காரரும் விவசாயியே

தேசிய விவசாயக் கொள்கையைத் திருத்தும் குழுக்களில் உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கு முதுகுவலி வந்துவிட்டது. கல்லூரியில் வேளாண் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் கூப்பிடுகிறார்கள். நானும் போய்த் தொலைக்கிறேன். இந்த முறை போகக்கூட வேண்டியிருக்கவில்லை. சிட்லபாக்கத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தால் போதும், கூட்டம் நடந்துவிடும்.

ஒவ்வொரு குழுவிலும் நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம்தான். நிலம் யார் பெயரில் இருந்தாலும் அதில் பயிர் செய்கிறவர்தான் விவசாயி. வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் அவருக்குத்தான் போக வேண்டும். இதை யாரும் மறுத்துப் பேசியதே இல்லை. மறுத்தாலாவது சண்டை போடலாம். வில்லங்கமான விஷயத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது குழுக்களின் வழக்கம். பாதிப் பேர் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். தலைவர் “நோட்டட், மேடம்” என்பார். அதோடு அந்த வாக்கியத்தின் கதை முடிந்தது.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஒரு பெண்ணிடம்தான் பல வருடமாகக் கீரை வாங்குகிறேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே தப்பிக் கிடந்த துண்டு நிலத்தில் அவளே விதைத்து, அவளே பறித்துக் கொண்டுவருவாள். நிலம் குத்தகை. எழுத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு மழையில் பாத்தியெல்லாம் அழுகிப்போனபோது நிவாரணம் நிலக்காரருக்குப் போனது. அவர் அஸ்தினாபுரத்தில் மாடிவீட்டில் இருப்பவர். கீரையைத் தட்டில் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம்.

“இந்தத் தடவை உன்னை மாதிரி ஆளுங்களையும் விவசாயின்னு சேர்த்துடுவாங்கம்மா” என்று அவளிடம் சொல்லியிருந்தேன். கடைசிக் கூட்டத்தில் நான் என் வாக்கியத்தைச் சொன்னபோது தலைவர் லேசாகத் தலையசைத்திருந்தார். அந்தத் தலையசைப்பை நம்பிவிட்டேன்.

இறுதி வரைவு வந்தது. ட்ரோன் இருந்தது, ஏற்றுமதி இருந்தது, என் வாக்கியம் இல்லை. கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

மறுநாள் கீரை வாங்க ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் போனேன். அவள் முன்னால் இருந்த கட்டுகள் வாடிக் கிடந்தன.

“என்னம்மா, இது உன் கீரை இல்லையே?”

“கோயம்பேட்டுலேர்ந்து வாங்கியாந்தேன்க்கா. நெலத்தைப் புடுங்கிக்கினாரு. நீ சொன்னத்த சந்தோசத்துல அவராண்ட போய்ச் சொல்லிட்டேன். என் நெலத்துல உன் பேரை ஏத்தப் பாக்குறியான்னு கம்பி வேலி போட்டுட்டாரு.”

அவள் என்மேல் துளிக் கோபமும் காட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அது இன்னா ஆச்சுக்கா? வந்துச்சா?”

“வரலம்மா.”

அவள் முகம் சட்டென்று தெளிந்தது.

“நெஜமாவா? அப்ப நீயே வந்து அவராண்ட சொல்லுக்கா. படிச்சவங்க சொன்னா நம்புவாரு. பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்லு. நெலத்தைத் திருப்பிக் குட்த்துடுவாரு.”

அன்று சாயங்காலமே அஸ்தினாபுரம் போனோம். அவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். நிலக்காரர் என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். மரியாதை தெரிந்த மனிதர்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்தச் சட்டம் வராதா மேடம்? நிச்சயமா?”

“வராது சார். நான் அந்தக் குழுவுலதான் இருக்கேன்” என்றேன்.