தேக்கிலைச் சோறும் வஸ்தினியின் மூக்கும்

சிரெபோன் துறைமுக வாசலில் தேக்கிலைச் சோறு விற்பவள் வஸ்தினி. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது அவளுக்கு மணம் என்பதே இல்லாமல் போயிருந்தது. சோற்றுப் பானையைத் திறந்தாள். வெள்ளை ஆவி முகத்தில் வந்து படிந்தது, அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. சமைக்கிறவளுக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் யார் வந்து உட்காருவார்கள்? கைப்பழக்கத்தில் சமைத்தாள். சோற்றை விசிறி ஆறவைத்து, தேக்கிலையில் பொட்டலம் கட்டி அடுக்கினாள். கணவாய் மீனை அதன் கறுப்பு மையோடே வேகவிட்டாள். மிளகாய் வதங்குவதைக் காதால் அறிந்தாள். அந்தக் காலைகளில் அவள் தண்ணீருக்கடியில் நடப்பவளைப் போல நடமாடினாள். படகுகள் மூட்டத்திலிருந்து வந்தன, மூட்டத்திலேயே கரைந்தன.

மூன்றாம் வாரம், சர்க்கும் என்ற படகுத் தச்சர் ஒரு வாய் வைத்ததும் இலையைத் தள்ளினார்.

"என்னம்மா இது, கணவாய் ஊசிப்போயிருக்கு!"

எதிர்க்கடை ராசினி சாலையைத் தாண்டி வந்தாள். பதினோரு வருடப் போட்டிக்காரி. ஊரையே கூட்டப்போகிறாள் என்று வஸ்தினி கண்ணை மூடிக்கொண்டாள். ராசினி குனிந்து சட்டியை முகர்ந்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியலையா?" என்றாள், மெல்ல.

"காய்ச்சல்ல இருந்து எதுவுமே தெரியல."

ராசினி நிமிர்ந்தாள். சட்டியைத் தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு, தன் கடைச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதைத் தின்னுங்கண்ணே. என் கைச்சோறு திங்கணும்னு இன்னிக்கு உங்க தலையில எழுதியிருக்கு."

மறுநாளிலிருந்து விடிந்ததும் வந்து ஒவ்வொரு சட்டியாக முகர்ந்தாள்.

"இது சரி. இது நேத்து உள்ளது, தூக்கிப் போடு. என் மூக்குக்கு நீ வாடகை தரணும்டி."

வஸ்தினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மழைக்காலத்தில் இரண்டு கடைகளும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே வந்துவிட்டன. சோறும் இலையும் வஸ்தினி பாடு, கணவாய் ராசினி பாடு.

மணம் திரும்பவில்லை. தூக்கத்தில் மட்டும் எப்போதாவது வந்து போனது.

"நேத்து கனவுல உன் கணவாய் கமகமன்னு மணந்துச்சுடி," என்றாள் ஒரு காலையில்.

ராசினி கிண்டுவதை நிறுத்தினாள். "எப்படி இருந்துச்சு?"

"பூண்டு கம்மி."

ராசினி கரண்டியை ஓங்கினாள். பிறகு, யாரும் பார்க்காதபோது, இன்னும் நாலு பல் பூண்டு தட்டிப் போட்டாள்.