என் கன்னத்துச் செல்

நாற்பத்தெட்டு வயதில், பெருங்களத்தூரில் பஸ் ஏறி, தாம்பரத்தில் ஒரு மூன்றாவது மாடிக்கு லேப் டெக்னீஷியன் படிக்கப் போனேன். வகுப்பில் யாருக்கும் என் வயதில் பாதிகூட இல்லை. எல்லாருக்கும் நான் அக்கா. பாடம் நடத்திய சாருக்கும்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்போம். "தெரியுதா?" என்பார் சார். "தெரியுது சார்" என்போம். பிறகு போன வருஷத்து ரெகார்டு நோட்டைப் பார்த்துப் படம் வரைவோம். அந்த நோட்டு, அதற்கு முந்தின வருஷத்து நோட்டைப் பார்த்து வரைந்தது. முதல் நோட்டு எதைப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது.

அன்று கன்னத்துச் செல். குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி, ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடினேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகைத் திருப்பத் திருப்ப, மங்கலுக்குள்ளிருந்து அவை எழுந்து வந்தன. கசங்கியவை, மடிந்தவை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருநீலப் பொட்டு. நான் பேசியதையும் பேசாமல் விழுங்கியதையும் உள்ளிருந்து தொட்டுக்கொண்டிருந்தவை இவைதானா?

ஓரத்தில் தடித்த கறுப்பு வளையம் ஒன்று. ஊசியால் கண்ணாடியை லேசாக அழுத்தினேன். வளையம் நகர்ந்தது. காற்று. கண்ணாடியைச் சாய்த்து இறக்காமல் தொப்பென்று போட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று. அதே வளையம் போன வருஷத்து நோட்டில் செல்லுக்குள் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அம்புக்குறி போட்டு, ஏதோ செல்லுக்குள்ளிருக்கும் நீர்ப்பை போல, 'வாக்யூல்' என்று எழுதியிருந்தது.

பக்கத்து ஸ்டூல் பெண் சொன்னாள்: "இன்னாத்துக்குக்கா பேஜாரு? பழைய நோட்டப் பாத்து அப்படியே இறக்கு. ரெகார்டுல சைன் இல்லன்னா பிராக்டிகல் எக்ஸாமுக்கு உள்ளயே வுட மாட்டாங்க."

"அது வெறும் காத்துடி."

"காத்தா இருந்தா இன்னா, மார்க் வருதில்ல?"

நான் பார்த்ததை வரைந்தேன். கசங்கலோடு, மடிப்போடு, வளையம் இல்லாமல்.

சார் பக்கத்தைத் திருப்பினார். பேனா இறங்கவில்லை. "வாக்யூல் எங்கக்கா?"

"அது ஏர் பபிள் சார்."

"ஓ, புதுசா கண்டுபிடிச்சிட்டீங்களா?" வகுப்பு சிரித்தது. "செல்லு என்ன துவைச்சுப் போட்ட துணியா, இப்படிச் சுருங்கிக் கிடக்க? அழிச்சிட்டு ஒழுங்கா வரைஞ்சு கொண்டாங்க. அப்புறம் சைன்."

அழிப்பது என் கைக்குப் பழகிய வேலை. 'இந்த வரி புரியலையே' என்றவருக்காக நான் எழுதிய ஒரு கவிதையை அழித்திருக்கிறேன். 'இதையெல்லாம் வெளியே எழுதுவாங்களா' என்றவருக்காக இன்னொன்றை. ஆனால் இது என் வாயிலிருந்து எடுத்தது. என் சதை.

"ஒரு தடவை நீங்க பாருங்க சார். பாத்துட்டு அழிக்கச் சொல்லுங்க, அழிக்கிறேன்."

கடிகாரத்தைப் பார்த்தார். நான் மைக்ராஸ்கோப் முன்னால் ஸ்டூலை அவருக்கு இழுத்துப் போட்டு, அங்கேயே நின்றேன். சிரிப்பு அடங்கியது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உட்கார்ந்து குனிந்தார். கீழே மின்சார ரயில் ஒன்று கடந்து போனது. ஊசியை எடுத்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். எது நகர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நிமிர்ந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நோட்டை நீட்டியபோது குரல் தணிந்திருந்தது. "எக்ஸாமுக்கு வெளியேர்ந்து ஒருத்தர் வருவாரு. அவர்கிட்ட இப்படி வரைஞ்சு வைக்காதீங்கக்கா. மார்க் போயிடும்."

"அவருக்கும் இதே ஸ்டூலத்தான் சார் இழுத்துப் போடுவேன்."