ட்ரைவ்வேயில் நான் துடைத்த துளிகள்

என் சகலனின் காரில் கியர்ப்பெட்டிக்குள் ஓடும் ரான்ஸ்மிஷன் ஒயில் ஒழுகுவது எனக்குத் தெரிந்திருந்தது. எந்த இடத்தில் ஒழுகுகிறது, எதனால் ஒழுகுகிறது, நிறுத்துவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. நிலத்தில் விழுந்த துளிகள் அவர் கண்ணில் படாதபடி நாள்தோறும் துடைத்தும் வந்தேன். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். படிப்பவர்கள் இதற்கு ஏதோ ஒரு நியாயம் பின்னால் வரப்போகிறது என்று காத்திருக்க வேண்டாம்.

அவர் என் மனைவியின் தங்கையை மணந்தவர். கனடாவில், ஸ்காபரோவில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவே கார் நிறுத்தப் பொதுவாக ஒரே ட்ரைவ்வே. அவர் விடியப்புறம் பிறம்ரனில் உள்ள பண்டகசாலை ஒன்றுக்கு வேலைக்குப் போவார். அவர் கார் நின்ற இடத்தில் பகலில் என் கார் நிற்கும். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன். இங்கே பெயின்ற் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கார் திருத்துவது எனக்குப் பொழுதுபோக்கு. சனிக்கிழமைகளில் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணை, உவன் ஏதோ முனகுறான், ஒருக்கா வந்து நாடி பிடிச்சுப் பாருங்கோ" என்று கூப்பிடுவார். காரை ஆளாக வைத்துத்தான் கதைப்பார். நான் காரின் கீழே கிடக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து பகிடி விட்டுக்கொண்டிருப்பார். திருத்தி முடித்ததும், "டொக்டர் கை கழுவட்டும், தேத்தண்ணி கொண்டு வா" என்று மனைவிக்குக் குரல் கொடுப்பார்.

அவருடைய மகளின் கலியாணத்தோடு அது நின்றது. எங்கள் ஆட்களிடம் கலியாணம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. கணவனும் மனைவியுமாக வீட்டுக்குள் வந்து, இருந்து, இரண்டு கையாலும் கார்ட்டைத் தந்து சொல்ல வேண்டும். அவர் தனியாக வந்தார். நான் பனி தள்ளிக்கொண்டு நின்ற இடத்திலேயே கார்ட்டை நீட்டினார். "வீட்டு ஆக்கள்தானே அண்ணை, உங்களுக்குச் சொல்லவும் வேணுமே" என்று சிரித்தார். அன்று அது எனக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை. மூத்தவனை ட்ரைவ்வேயில் வைத்துக் கணக்கை முடித்துவிட்டான் என்றுதான் தெரிந்தது. மாதா கோயிலில் நடந்த கலியாணப் பூசைக்குப் போனேன். மண்டபத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை இல்லை. சகோதரிகள் இருவரும் பின்கதவால் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த பனிக்காலத்தில் ஒரு காலை அவர் போன பிறகு வெளியே வந்தேன். மெல்லிய பனியில் சின்னதாக ஒரு சிவப்பு. யாருக்கோ மூக்கால் இரத்தம் வடிந்தது போல இருந்தது. கடதாசியில் ஒற்றி எடுத்து மணந்து பார்த்தேன். எஞ்சின் ஒயில் என்றால் கறுத்திருக்கும். ரேடியேற்றர்த் தண்ணீர் என்றால் இனிப்பாக மணக்கும். இது மெல்லியதாக, வழுவழுப்பாக, நல்ல சிவப்பாக இருந்தது. துளி விழுந்த இடம் முன் சில்லுகளுக்கும் முன்னால், ரேடியேற்றருக்கு நேர் கீழே. கியர்ப்பெட்டியின் சூடான ஒயிலை ஆற வைத்துத் திருப்பி அனுப்பும் குழாய் அவ்விடத்தால்தான் போகிறது. பெரிய வருத்தம் ஒன்றுமில்லை, சின்னக் கோளாறுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பூனை வளர்ப்பவர்கள் வாங்கும் மண்ணில் ஒரு பிடி தூவி, ஈரத்தை உறிஞ்ச விட்டு, தும்புத்தடியால் தேய்த்துக் கூட்டினேன். என் மனைவி கண்டால் தங்கைக்குச் சொல்லிவிடுவாள். அவர் எங்காவது கராஜில் கொடுத்துத் திருத்திவிடுவார். அவர் வேலியடியில் வந்து நின்று "அண்ணை" என்று கூப்பிட வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கார் ஒருநாள் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்று காத்திருந்தேன்.

பிறகு காலைகளில் குசினி யன்னலடியில் நின்று கேட்கத் தொடங்கினேன். ஒயில் குறையக் குறைய, கியரைப் போட்டதும் கார் உடனே இழுக்காது. எஞ்சின் இரையும், கார் நிற்கும், பிறகு ஒரு குலுக்கலோடு பின்னால் போகும். முதலில் அந்த இடைவெளி ஒரு மூச்சு விடும் நேரம்தான். குளிர் இறுக இறுக அது நீண்டது. ஒருநாள் மனைவியின் தங்கை வாசலில் நின்று, "என்னப்பா உது, உறுமுது, போகுதில்லை" என்று கேட்பது எனக்குக் கேட்டது. "உவனும் என்னைப் போலத்தான். காலமை வேலைக்குப் போக மனமில்லை" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். கார் குலுங்கிப் பின்னால் போனது. நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல் அவர்கள் யாரோடோ மிசிசாகாவுக்குப் போயிருந்தார்கள். கார் ட்ரைவ்வேயில் நின்றது. குனிந்து ரோச் அடித்துப் பார்த்தேன். இரும்புக் குழாயில் றப்பர்க் குழாய் ஏறும் இடம் நனைந்து மினுங்கியது. றப்பரின் நுனி விறைத்து வெடித்திருந்தது. அதை இறுக்கும் வளையம் தளர்ந்திருந்தது. ஒரு துளி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என் மேலங்கிப் பையில் திருப்புளி இருந்தது. கையும் எட்டியது. வளையத்தை ஒரு சுற்று முறுக்கியிருந்தால் அந்தப் பனிக்காலம் தாங்கியிருக்கும். அவர் கேளாமல் செய்தால் நான் இறங்கிப் போனதாக ஆகிவிடும் என்று எழும்பி வந்தேன். வரும்போது முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டதுகூட நினைவிருக்கிறது.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. ஈரப்பனி கொட்டிய ஒரு காலை, 401 நெடுஞ்சாலையில் அவர் கார் இரைந்ததே தவிர இழுக்கவில்லை. உருண்ட வேகத்திலேயே எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். என்னவென்று பார்க்கக் கீழே இறங்கியிருக்கிறார். வழுக்கி வந்த வான் வண்டி ஒன்று அவரை அடித்துத் தடுப்புச் சுவரோடு எறிந்தது. இடுப்பும் காலும் முறிந்தன. அன்று மாலைக்குள் காரை இழுவை வண்டியில் கொண்டுவந்து, வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு கீறலும் இல்லை.

மறுநாள் நான் அதைத் திருத்தினேன். காரை உயர்த்தி, தாங்கிகளில் நிறுத்தினேன். வெடித்த குழாயைக் கழற்றிப் புதிய குழாய் போட்டு, இரண்டு பக்கமும் புது வளையம் வைத்து இறுக்கினேன். எல்லாவற்றையும் துடைத்து, காலுக்குப் போடும் பவுடரைத் தூவினேன். வேறெங்காவது ஒழுகினால் வெள்ளையில் சிவப்புத் தெரியும். புது ஒயில் ஊற்றிக் காரை இறக்கி, பிறேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றினேன். எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்த்தேன். ஒயில் கருகவில்லை. கியர்ப்பெட்டிக்கு ஒரு சேதமும் இல்லை. பவுடர் வெள்ளையாகவே இருந்தது. தங்கை ஆஸ்பத்திரியில் டொக்டரைக் காணக் காத்திருந்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மனைவி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஒழுகுதெண்டு நீங்கள் தேடவேயில்லையே" என்றாள். "நேர அங்கதான் கையை வைச்சனீங்கள்."

"பழக்கம்தானே" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போது சற்றுத் தாமதித்தே பார்வையை எடுக்கிறாள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாதர் இளம் ஆள், மன்னார்ப் பக்கம். கேட்டு முடித்துவிட்டு, "எனக்குச் சொல்லிப்போட்டீங்கள். அவருக்குச் சொல்லிட்டீங்களோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப முதல் அங்க போங்கோ" என்றார்.

சகலன் வீட்டுக்கு வந்து முன்னறையில் கட்டிலில் கிடந்த நாட்கள் அவை. தங்கை கடைக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். அவர் எழும்ப முயன்றார். "படுத்திரும், படுத்திரும்" என்று சொல்லிவிட்டு நின்றபடியே தொடங்கினேன். "உம்மட காரில ஒழுகினது எனக்கு முந்தியே தெரியும். ஒவ்வொரு நாளும் நான்தான் துடைச்சனான்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, "ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியை விட்டிட்டுப் பாதியில திரும்பி வந்தனான், அண்ணை" என்றார். "நீங்கள் குனிஞ்சு நிண்டு தேச்சுக்கொண்டு நிண்டனீங்கள். உங்கட கார் பக்கத்தில நிண்டது. சிவப்பாக் கிடந்தது. உங்கட காரிலதான் ஒழுகுது எண்டு நினைச்சன். அண்ணைக்குத் தெரியாத வருத்தமே, பாத்துக்கொள்ளுவார் எண்டு பேசாமல் திரும்பிப் போட்டன்." போர்வையை இழுத்துவிட்டு, "என்ரதா இருந்தா நீங்கள் சொல்லியிருப்பீங்கள்தானே எண்டு நினைச்சன்" என்றார்.

அந்த வார்த்தையில் ஏளனம் இல்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். கதை இல்லாத அந்த ஓராண்டிலும் அவர் என்னை அந்த அளவுக்கு நம்பியிருக்கிறார். "மன்னிச்சுக்கொள்ளும், தம்பி" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, "அவளுக்குச் சொல்லாதேங்கோ. அக்காவோட கதைக்காமல் விட்டிடுவாள்" என்றார். மன்னித்தேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

இப்போது அவர் அஜக்ஸில் மகளோடு இருக்கிறார். பண்டகசாலை வேலை போய்விட்டது. காலுக்கான பயிற்சிக்குக் கிழமைக்கு ஒருமுறை நான்தான் ஏற்றிப் போகிறேன். அவர் மறுக்கவில்லை. வழியில் கதைக்கிறார். பேரப்பிள்ளை செய்யும் குறும்புகளைச் சொல்கிறார், காலநிலையைக் குறைசொல்கிறார். பகிடி மட்டும் விடுவதில்லை.

நான் போய் அவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் உடனே ஏறுவதில்லை. கைத்தடியை ஊன்றி, காரின் கூரையில் ஒரு கையை வைத்து, நோகிற இடுப்போடு முடிந்தவரை குனிந்து என் காரின் கீழே பார்ப்பார். மழையென்றாலும் பனியென்றாலும் பார்ப்பார். அவர் பார்த்து முடித்து நிமிரும் வரைக்கும் நான் கதவைப் பிடித்தபடி நிற்கிறேன்.