தனலட்சுமியின் மூச்சு

திருவரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் போகும் பஸ்ஸில் இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. இப்போது பார்வை மங்கிவிட்ட எனக்குக் கைபேசிதான் எதையும் வாசித்துச் சொல்லும். "தனலட்சுமி இன்று காலை காலமானார்" என்று காதில் சொன்னது தனலட்சுமியின் குரலேதான். தொடங்கும் முன் வழக்கம்போல ஒரு சிறு மூச்சு. காவிரிப் பாலம் கடந்தது எனக்குத் தெரியவில்லை.

எழுத்தைப் பேச்சாக்கும் ஆய்வில் நாங்கள் பல்லாண்டு ஒன்றாக வேலை பார்த்தோம். மாதிரி வாக்கியங்களை வாசிக்க வேண்டியவர் ஒருநாள் வராததால், உப்பிலியபுரத்துக்காரரான தனலட்சுமியே மைக் முன் உட்கார்ந்தார். அந்தக் குரலே நிலைத்தது.

என் தவறையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய பதிவுகளில் இருந்த மூச்சொலிகளைக் குறை என்று நினைத்து, நான்கு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். வெட்டிய இடங்களையெல்லாம் பட்டியலிட்டும் வைத்தேன். சோதித்துப் பார்க்க வந்த பார்வையற்ற நண்பர் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றினார்.

"கேக்கக் கேக்க எனக்கே மூச்சு முட்டுதுங்க சார்."

தனலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தார். "உசுரோட இருக்கும்போதே என் மூச்சை நிறுத்திட்டீங்களே! ஒழுங்கா திருப்பி வைங்க சார்."

பட்டியலைப் பார்த்துத் திருப்பி வைக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது. அத்தனை நாளும் என் மேசைக்குக் காபி கொண்டுவந்தவர் அவர்தான்.

பிறகு, நிதி தரும் குழுவின் தலைவர் வந்து கேட்டார். "குரல்ல ஊர் வாடை அடிக்குதும்மா, மூச்சு வேற. வேற யாரையாவது வச்சுப் பண்ணலாமே?"

நான் கையிலிருந்த கோப்பின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல இருக்கறவங்களுக்குத்தானே சார் படிச்சுக் காட்டுது? அவங்க யாரும் மூச்சு விடாம பேசறதில்லீங்க" என்றார் தனலட்சுமி. தலைவர் எழுந்து போனார். குரல் மாறவில்லை.

வெளியே வந்ததும், "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்" என்றார்.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அதே குழுவிடமிருந்து கடிதம். புதிய பதிப்பில் மூச்சொலிகள் இருக்கக் கூடாதாம். பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது என்பதால் நானே நீக்கித் தர வேண்டுமாம்.

அவரை அறிந்து, இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பட்டியலைத்தான். பதிலை மூன்று முறை எழுதி அழித்தேன். நான்காவதை அனுப்பும் முன், பிழை பார்க்கக் கைபேசியை வாசிக்கச் சொன்னேன்.

மூச்சை இழுத்துக்கொண்டு தனலட்சுமி வாசித்தார்: "நீக்க மாட்டேன். பட்டியலையும் தர மாட்டேன்."

பிழை எதுவும் இல்லை. அனுப்பிவிட்டேன்.