தரையில் முழுப் பாதம்: ஹனோவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

2007 கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டிஷ் நடனக் குழு ஒன்றின் ஆட்டம் பார்க்கக் கொலோனிலிருந்து ஹனோவருக்குப் போய்வந்தேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் அண்ணரின் மகள் வாசுகி கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். நேரமும் காசும் என் ஞாபகத்திலிருந்து சொல்வது, அதில் பிழை வராது. இந்தக் குழு இப்போது ஜெர்மனியில் ஊர் ஊராக ஆடுகிறது, போக நினைப்பவர்களுக்கு இது உதவும்.

நான் போனது ஆட்டத்துக்காக மட்டும் அல்ல. பதினெட்டு வருடங்களுக்கு முன் இதே குழு கொலோனுக்கு வந்தபோது அந்த மேடையைத் துடைத்தவன் நான். அங்கே ஹெலன் என்ற நடனப் பெண் விழுந்தார். அது என்னால் நடந்தது. அன்று யாருக்கும் நான் சொல்லவில்லை. பயணத்துக்கு முந்திய மாதம் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது ஒரு சஞ்சிகையில் அவர் படத்தைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. வலது காலில் பாரம் விடாமல் நின்றார். அந்த நிற்பைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

முதலில் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் தொடங்கியவர்கள் பாலேக்காரர்கள். நவீன நடனக்காரர்கள் பிறகு வந்தார்கள். ஒரு பகுதி மற்றதைத் துரத்தவில்லை, இரண்டும் ஒரே உடம்புக்குள் குடியேறிவிட்டன. காலையில் மெல்லிய சப்பாத்துப் போட்டு, கம்பியைப் பிடித்து, பாலேப் பயிற்சி. மாலையில் வெறுங்காலுடன் நவீன ஆட்டம். பாலேயில் நிலமே வேண்டாம் என்பது போல் எழும்புவார்கள். மற்றதில் நிலத்தைத் தேடி விழுவார்கள். இதெல்லாம் எனக்குத் தரை சொல்லித் தந்தது. காலையில் சப்பாத்து வழுக்காமலிருக்கப் பிசின் தூளை மிதித்துவிட்டு வருவார்கள். அதே தூள் மாலையில் வெறுங்காலில் ஒட்டித் தோலைப் பிடுங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒருவன் தரையைக் கழுவ வேண்டும்.

கழுவும் மருந்துள்ள பிளாஸ்டிக் கானுக்கு நீல மூடி. வாசல் மண்டபத்தைப் பளபளப்பாக்கும் மருந்துக்குச் சிவப்பு மூடி. நிறத்தை வைத்துத்தான் நான் வேலை செய்தேன். வேலைக்குச் சேரும்போது எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்று பொய் சொல்லியிருந்தேன். அந்தக் கிழமை புதிய கான்கள் வந்தன. இரண்டுக்கும் நீல மூடி, இரண்டிலும் எலுமிச்சை வாசம். வித்தியாசம் எழுத்தில் மட்டும் இருந்தது. கேட்டால் பொய் வெளிப்படும். என் அகதி விண்ணப்பம் அப்போது அரசாங்கக் கந்தோரில் முடிவாகாமல் கிடந்தது, வேலை போனால் என்ன ஆகுமோ என்ற பயம். ஒன்றை எடுத்து ஊற்றினேன்.

அன்று மாலை ஹெலன் ஓடிவந்து பாய்ந்து வலது காலில் இறங்கினார். கால் வழுக்கி விழுந்தார், பிறகு அந்தக் காலில் பாரம் விட அவரால் ஏலவில்லை. வியர்வையில் வழுக்கியிருக்கும் என்று மேடைப் பொறுப்பாளர் சொன்னார். மறுநாள் விடிய நான் மூன்று தரம் சுடுதண்ணீர் ஊற்றி அந்தத் தரையிலிருந்த பளபளப்பு மருந்தைக் கழுவினேன்.

இனிப் பயணம். வார இறுதிச் சீட்டு 33 யூரோ, ஐந்து பேர் வரை போகலாம். நாங்கள் இரண்டு பேர்தான். வேக ரெயிலில் இந்தச் சீட்டுச் செல்லாது. கொலோனில் காலை 6.18க்கு ஏறி 8.10க்கு ஹம், அங்கே மாறி 9.45க்கு மின்டன், மறுபடி மாறி 10.55க்கு ஹனோவர். ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர். வழியெல்லாம் மழை, உழுத வயல், ஆளில்லாத ரெயில் மேடைகள். ஹம்மைத் தாண்டியதும் பிட்டுப் பார்சலை அவிழ்த்தேன். எதிரே இருந்தவர் எழும்பி வேறு பெட்டிக்குப் போனார். "பாத்தீங்களோ சித்தப்பா, எங்களுக்கு நாலு சீற்" என்றாள் வாசுகி. அன்று சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

மின்டனில் அவள் கேட்டாள், "இவ்வளவு காலத்துக்குப் பிறகு சொல்லி என்ன வரப்போகுது? அந்த மனுசியின்ர கால் திரும்பி வருமே?"

வராது என்றேன்.

ஹனோவர் நிலையத்திலிருந்து அரங்குக்கு நடந்தே பன்னிரண்டு நிமிடம். ஆட்டம் மூன்று மணிக்கு. முன்வரிசை 18 யூரோ. சீட்டு வைத்திருப்பவர்கள் பதினொன்றரைக்கு நடக்கும் பயிற்சியையும் பார்க்கலாம், தவற விடாதீர்கள். பயிற்சி நடத்தியவர் ஹெலன்தான். கம்பியைப் பிடித்த பிள்ளைகள் பாலே செய்தார்கள். அவர் கதிரையில் உட்கார்ந்தபடி, கால் வைக்கும் விதத்தைக் கையால் காட்டினார்.

முடிந்ததும் சந்திக்கக் கேட்டோம். டெர்மின், அதாவது முன்கூட்டியே எடுத்த நேரம், இல்லாமல் ஏலாது என்று வாசலில் நின்றவர் மறித்தார். கொலோனில் அவர் விழுந்த தரையைத் துடைத்தவன் வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஹெலன் தானே வந்தார்.

நான் தமிழில் சொல்ல, வாசுகி ஆங்கிலத்தில் சொன்னாள். கான், மூடி, எட்டாம் வகுப்புப் பொய், சுடுதண்ணீர், ஒன்றையும் விடவில்லை. ஹெலன் வாசல் கதிரையில் உட்கார்ந்து கேட்டார். பிறகு பேசியதை வாசுகி மெதுவாகத் தமிழாக்கினாள்.

"சித்தப்பா, தான் பிழையாக் கால் வைச்சதெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சவவாம். பாலேப் பழக்கத்தில நுனிவிரலால இறங்கினதாலதான் வழுக்கினதெண்டு. அதாலதான் பிள்ளையளுக்கு அந்த இடத்தில முழுப் பாதத்தையும் அடிச்சு வைக்கச் சொல்லிக் குடுத்தவவாம். ஒரு இடத்தில தொடங்கினது, பிறகு எல்லா ஆட்டத்துக்கும் போயிட்டுதாம்."

அரங்கு வாசலில் தந்து வாசுகியின் கையில் இருந்த ஆட்டப் புத்தகத்தில் அதைப் பற்றியும் இருந்தது. பாலேயை விட்டு நவீன நடனத்தின் பக்கம் இந்தக் குழு சாய்ந்ததற்கு அடையாளமே அந்தக் கனத்த இறங்கல்தான் என்று யாரோ பெரியவர் எழுதியிருந்தார். காலையில் அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டியிருந்தாள்.

ஹெலன் எழும்பினார். எங்களை மேடைக்குக் கூட்டிப்போய் என்னிடம் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முழங்காலில் இருந்து உள்ளங்கையால் தடவி, முகர்ந்து பார்த்தேன். பிசின் இல்லை, பளபளப்பு மருந்தும் இல்லை.

"நல்ல தரை" என்றேன்.

அவர் வலது சப்பாத்தைக் கழற்றினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நுனிவிரலில் எழும்பப் பார்த்தார். குதிக்கால் இரண்டு விரற்கடை எழும்பியது. அதற்கு மேல் ஏலவில்லை. இறங்கிவிட்டார்.

"அண்டைக்கு என்ர கால் சரியாத்தான் இறங்கியிருக்கு எண்டுறா" என்று வாசுகி சொன்னாள்.

மன்னிப்பு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு இதைத் தானே சொல்வதாகவும், ஆனால் இன்று இல்லை என்றும் சொன்னார். ஆட்டத்துக்கு முன் காலைப் பற்றி யோசிக்க வைத்தால் யாராவது விழுவார்களாம்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எட்டுப் பேர் ஓடிவந்து பாய்ந்தார்கள். மேலே போகும்போது பாலே, அத்தனை லேசு. இறங்கும்போது எட்டுப் பாதமும் முழுதாகத் தரையில் அடித்தன. சனம் மூச்சுப் பிடித்துப் பார்த்தது. என் பக்கத்தில் இருந்த கிழவி கைதட்டினார். நான் கையை மடியில் வைத்திருந்தேன்.

திரும்பும் ரெயில் 5.05க்கு, கொலோனில் இறங்க 9.40. குளிர்ச் சட்டையை அரங்கில் கொடுத்து வைக்க ஒரு யூரோ. மின்டனில் ரெயில் மேடை மாற ஒன்பது நிமிடம் போதும், ஓட வேண்டாம். சாப்பாடு கொண்டுபோங்கள், ஞாயிறில் கடை திறவாது. எழுத்துத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் ஆரிடமாவது கேட்டு ஏறுங்கள். கேட்காமல் விட்டதால் வந்த கேட்டைத்தான் மேலே சொன்னேன்.

இடம் எடுத்தால் முன்வரிசையில் எடுங்கள். பாய்ந்து இறங்கும்போது கண்ணை மூடிக் கேளுங்கள், நெஞ்சில் வந்து இடிக்கும். அவர்கள் அப்படி இறங்குவதற்கான காரணம் இன்னமும் ஆட்டப் புத்தகத்தில் பிழையாகத்தான் இருக்கும்.