‘ங்க’ போடாத ஒரு வார்த்தை

புதுச்சத்திரம் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றபோது விளையாட்டு ஆசிரியை போனில் அழைத்தார். “மல்லிகா டீச்சர் போயிட்டாங்க டீச்சர்.” பணி மாறுதல் நடக்கும் நேரம். “எந்த ஊருக்குங்க?” என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகுதான் விளங்கியது. மாரடைப்பாம்.

எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியை அவர். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், உடன் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட “தள்ளிக்கோங்க சாமி” என்பார்.

சில வருடங்களுக்கு முன், இணையத்தில் பத்திரமாக இருப்பது பற்றி மாணவிகளுக்கு ஒரு துண்டறிக்கை வேண்டியிருந்தது. தமிழாசிரியை என்ற மிதப்பில் பதினான்கு அறிவுரைகள் எழுதிக் கொடுத்தேன். “நல்லாருக்குதுங்க டீச்சர். பரீட்சையில கேட்டா அஞ்சு மார்க் வாங்கலாமுங்க” என்றார் மல்லிகா. பிறகு ஆறு மாணவிகளைக் கூப்பிட்டு, அவர்கள் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

‘மறுக்கப் பழகுக’ என்ற வரியை ஒருத்தி சுழித்தாள். “போட்டோ கேக்கறவன்கிட்ட ‘வேண்டாமுங்கண்ணா’ன்னுதான் எங்களுக்கு வருதுங்க. அவன் மறுபடியும் கேக்கறானுங்க.”

“அப்ப ‘ங்க’வும் வேண்டாம், ‘அண்ணா’வும் வேண்டாமுங்க. சொல்லிப் பாருங்க சாமி” என்றார் மல்லிகா. சிரித்துச் சிரித்து, பத்துத் தடவைக்குப் பிறகுதான் அவர்களுக்கு வெறும் ‘மாட்டேன்’ வந்தது. என் பதினான்கும் போய், அந்த ஒற்றைச் சொல் முதல் வரியானது. அதன் கீழே, ‘ஏற்கெனவே அனுப்பிவிட்டாயா? மல்லிகா டீச்சரிடம் வா, திட்ட மாட்டார்’ என்று அவர்களே எழுதினார்கள்.

அதைப் படித்து ஒரு பத்தாம் வகுப்புப் பெண் வந்தாள். பெயர் வேண்டாம். அவள் அனுப்பிய படத்தை வைத்து எவனோ மிரட்டிக்கொண்டிருந்தான். மல்லிகா முதலில் சொன்னது, “உங்க மேல தப்பில்லீங்க சாமி.” அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனோம். லாரி ஓட்டும் அவள் அப்பா விஷயத்தைக் கேட்டதும் குதித்தார். “போனும் வேண்டாம், பள்ளிக்கோடமும் வேண்டாமுங்க. நாளையோட நிறுத்திப் போடறேன்.”

“நிறுத்தக் கூடாது” என்றார் மல்லிகா. அவர் வாயில் ‘ங்க’ இல்லாமல் ஒரு சொல்லை நான் கேட்டது அன்றுதான். குதித்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்தார். “அவன் மேல புகார் குடுக்கலாமுங்க. கூட நானும் வாரேன்” என்று மல்லிகா மறுபடி தணிந்தார். புகார் கொடுத்தோம், மிரட்டல் நின்றது. பெண் தேர்வெழுதினாள்.

அடக்கத்தன்று அந்த அப்பா என்னிடம் வந்தார். “அந்தம்மா அன்னிக்குச் சொல்லலீன்னா, புள்ளயக் கட்டிக் குடுத்திருப்பேனுங்க. இப்ப காலேஜ் போறா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அன்று அவர் குதித்தபோது, மல்லிகாவின் முதுகுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நின்றேன். எனக்கும் சேர்த்துப் பேசிய மல்லிகாவுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனைப் பிடித்தபடி என் மேசையருகே வந்து அழுதாள். அவள் வீட்டுக்குள் நான்தான் முதலில் நுழைந்தேன்.